கடல் அறிவியலிலிருந்து கடல் கொள்கைக்கு: இந்தப் பாதையில் வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடல் உயிரியல் படிக்கும் மாணவர்கள், ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு "அடுத்து என்ன" என்று யோசிப்பவர்கள், சட்டம் படித்துவிட்டுக் கடல் பக்கம் வர ஆசைப்படுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் அறிவியலில் தொடங்கி, பல ஆண்டுகளாகக் கொள்கை எழுதப்படும் மேசைக்குப் பக்கத்தில் வேலை செய்து வருகிறேன். என் அனுபவத்தில் சரியென்று பட்டதைச் சொல்கிறேன்.

இந்த வேலையில் உண்மையில் என்ன செய்வீர்கள்?

ஒரு மீன் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதில் எத்தனை டன் பிடிக்கலாம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். விஞ்ஞானிகள் ஆய்வுக் கப்பலில் போய் வலை இழுப்பார்கள். பிடிபட்ட மீனின் தலையைப் பிளந்து, அரிசி மணி போன்ற காதுக்கல்லை எடுத்து, அதைக் குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணி வயது பார்ப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவது போலத்தான். இப்படி ஆயிரக்கணக்கான கற்கள். அப்புறம் அந்த எண்களைக் கணித மாதிரியில் போட்டு, "இவ்வளவு பிடித்தால், முட்டையிடும் மீன்களின் மொத்த அளவு ஆபத்துக் கோட்டுக்குக் கீழே போக இத்தனை சதவீத வாய்ப்பு இருக்கிறது" என்பார்கள்.

அதில் எத்தனை சதவீத ஆபத்தை நாம் ஏற்கலாம்? இதற்குக் காதுக்கல்லில் பதில் இல்லை. இன்று படகில் போகிறவரின் வருமானம், நாளை அவர் பிள்ளைக்கு மீன் மிஞ்சுமா என்பது, ஏற்கெனவே கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அதை முடிவு செய்வது அமைச்சர் அல்லது ஆணையம். அவர்கள் தங்கள் முன்னால் இருக்கும் எண்ணின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அதேபோல் அவர்களுக்கு எந்தத் தேதிக்குள் என்ன தெரிய வேண்டும் என்பது விஞ்ஞானிக்குப் புரிய வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அறிவியல் சரியாக இருந்தால் போதாதா? நடுவில் ஓர் ஆள் எதற்கு?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் கிடைத்த காட் மீனின் கதையை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகளாக வலையில் வந்துகொண்டிருந்த மீன் அது. 1980களில் அதன் இருப்பை மதிப்பிட்டபோது, ஆய்வுக் கப்பலின் கணக்கோடு பெரிய இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கும் சேர்க்கப்பட்டது. அந்தக் கப்பல்களின் பிடி குறையவே இல்லை. காரணம், அவற்றின் கருவிகள் ஆண்டுதோறும் மேம்பட்டுக்கொண்டே வந்தன. எஞ்சிய மீன்களும் ஒரே இடத்தில் திரண்டு நின்றன. கூட்டம் சுருங்கச் சுருங்க அதைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகவில்லை. அதனால் எண்களைப் பார்த்தவர்களுக்கு மீன் நிறைய இருப்பதாகவே தெரிந்தது. கரையோரம் சின்னப் படகில் போனவர்கள் மட்டும், மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதிப்பீடு தப்பு என்று விஞ்ஞானிகளே உணர்ந்து எண்ணைக் குறைத்த பிறகும், அவர்கள் சொன்னதைவிட அதிகமான மீன்பிடி ஒதுக்கீட்டையே கனடா அரசு கொடுத்தது. 1992 ஜூலை 2 அன்று வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை முறையாக நீக்கப்பட 2024 வரை ஆனது.

இதில் யாரையும் வில்லனாக்க முடியாது. விஞ்ஞானிகளிடம் தரவு இருந்தது, மீனவர்களிடம் அனுபவம் இருந்தது, அரசிடம் அதிகாரம் இருந்தது. ஒருவர் வைத்திருந்தது இன்னொருவர் கைக்கு உரிய நேரத்தில், உரிய வடிவத்தில் போய்ச் சேரவில்லை. இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 30,000 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அறிவியல் பட்டம் இல்லாதவர் வர முடியுமா?

தாராளமாக. கடலுக்கடியில் உள்ள வளம் மனிதகுலம் முழுமைக்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று 1967இல் ஐ.நா. பொதுச்சபையில் பேசி, இன்றைய கடல் சட்டத்துக்கு வித்திட்ட மால்டாவின் ஆர்விட் பார்டோ ஒரு தூதர். அந்த எண்ணத்தை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு 1972இல் சர்வதேசப் பெருங்கடல் நிறுவனத்தைத் தொடங்கிய எலிசபெத் மான் போர்கேசே படித்தது இசை.

ஆனால் வேறு துறையிலிருந்து வருபவர்கள் ஒரு தடவையாவது ஆய்வுக் கப்பலில் போய்வர வேண்டும், இல்லையென்றால் ஒரு தரவுத் தொகுப்பையாவது தாங்களே சுத்தம் செய்து பார்க்க வேண்டும் என்பேன். ஒரு வரைபடத்தில் அழகாக ஓடும் கோட்டுக்குப் பின்னால் எத்தனை நாள் மோசமான வானிலையும் எத்தனை காலி வலைகளும் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், அந்தக் கோட்டைக் காட்டிப் பேசும்போது வார்த்தைகளில் தானாகவே ஒரு கவனம் வந்துவிடும்.

முனைவர் பட்டம் கட்டாயமா?

கட்டாயமில்லை. மீன் இருப்பு மதிப்பீடு, ஆழ்கடல் சூழலியல் போன்றவற்றில் அறிவியல் குழுக்களுக்கு ஆலோசனை சொல்கிற இடத்துக்குப் போக வேண்டுமென்றால் தேவைப்படும். அமைச்சக அலுவலகம், தன்னார்வ அமைப்பு, ஆலோசனை நிறுவனம் போன்ற இடங்களுக்கு முதுகலையும் நல்ல அனுபவமும் போதும். கொள்கைக்குள் நுழைய ஒரு சீட்டு வேண்டும் என்பதற்காக மட்டும் நான்கைந்து ஆண்டுகளை முனைவர் பட்டத்தில் போடாதீர்கள். ஓர் ஆய்வுக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் செய்யுங்கள்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தால் போதுமா, ஒன்றில் ஆழம் வேண்டுமா?

ஒன்றிலாவது ஆழம் வேண்டும். "நான் பாலம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவரிடம் ஒரு வருடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இன்று எந்த ஆழத்துக்குத் தேவை அதிகம் என்று கேட்டால் புள்ளியியல், இருப்பு மதிப்பீடு, வரைபடத் தரவு, கடல் அமிலமாதல், ஆழ்கடல் உயிரினங்கள் என்பேன். புள்ளியியலை முதலில் சொன்னது சும்மா இல்லை. கொள்கை அறையில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி கடைசியில் "இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்" என்பதில்தான் வந்து நிற்கும்.

சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும்?

வழக்கறிஞர் ஆக வேண்டாம். ஆனால் 1982இல் ஏற்கப்பட்டு 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை ஒரு தடவையாவது முழுவதும் படியுங்கள். 320 உறுப்புகள், 9 இணைப்புகள். பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை எந்த உரிமை, 200 கடல் மைல் வரை எந்த உரிமை, அதற்கு அப்பால் யார் பொறுப்பு என்பது தெரியாமல் கடல் கொள்கையில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது.

விஞ்ஞானிக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 61ஆம் உறுப்பு, கடலோர நாடு தன் 200 கடல் மைல் மண்டலத்தில் உள்ள உயிர்வளத்தைக் காக்கும்போது கிடைக்கிற மிகச் சிறந்த அறிவியல் சான்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நீங்கள் சட்டப்படியே அந்த அறைக்குள் அழைக்கப்பட்டவர் என்பதற்கு இது ஆதாரம். அப்புறம் 248ஆம் உறுப்பு: இன்னொரு நாட்டின் மண்டலத்தில் ஆய்வு செய்ய வேண்டுமானால் குறைந்தது 6 மாதத்துக்கு முன்பே முழு விவரம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் கப்பலை வாடகைக்கு எடுத்துவிட்டுத் தவித்த ஆய்வுக்குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடல் பல்லுயிர் வளத்துக்கான ஒப்பந்தம். 2023 ஜூனில் ஏற்கப்பட்டு 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. கடல் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதற்குள் வருகிறது. மரபணு வளம், பாதுகாக்கப்பட்ட பகுதிகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, வளரும் நாடுகளின் திறன் வளர்ப்பு என்று நான்கு பெரிய பகுதிகள். நான்கிலும் அறிவியல் ஆட்கள் தேவை. ஒப்பந்தத்துக்கென்றே ஓர் அறிவியல் தொழில்நுட்பக் குழுவும் உண்டு. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

பேச்சுவார்த்தை அறைக்குள் என்ன நடக்கும்?

முதல் தடவை உள்ளே போனபோது நான் அறிவியல் விவாதம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். திரையில் ஒரு பத்தி இருந்தது. அதில் பாதி வார்த்தைகள் சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தன. எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ளாத வார்த்தை எதுவாக இருந்தாலும் அடைப்புக்குறிக்குள் போய்விடும். "நாடுகள் [மதிப்பீடு செய்ய வேண்டும்] [மதிப்பீடு செய்யலாம்]". அவ்வளவுதான் பத்தியின் பிரச்சினை. "வேண்டும்" என்றால் கடமை, "லாம்" என்றால் விருப்பம். அந்த ஒரு விகுதிக்காக ஒரு மாலை முழுவதும் போனது. முதலில் எரிச்சலாக இருந்தது. அந்த விகுதியை நம்பித்தான் நாளை ஒரு பவளத்திட்டு பிழைக்கும் அல்லது போகும் என்று புரிந்ததும் எரிச்சல் போய்விட்டது.

அங்கே விஞ்ஞானியால் முடிகிற பெரிய உதவி, இரண்டு வார்த்தைகளுக்கும் கடலில் என்ன வேறுபாடு என்று சொல்வது. "'கடுமையான தீங்கு' என்று எழுதினால், நூறு ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டர் மட்டும் வளரும் ஆழ்கடல் உயிரினத்துக்குத் தீங்கு தெரிய வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்" என்று உணவு இடைவேளையில் ஒருவரிடம் சொல்வது, மேடையில் இருபது நிமிடம் பேசுவதைவிடப் பலன் தரும்.

பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. மேலே சொன்ன கடல் பல்லுயிர் ஒப்பந்தத்தின் கடைசிச் சுற்று 2023 மார்ச்சில் நியூயார்க்கில் ஒன்றரை நாள் இடைவிடாமல் நீண்டது. முடிவில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய ரீனா லீ, கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அறிவித்தபோது அறையில் பலர் கண்கலங்கினார்கள்.

கொள்கைக் குறிப்பு எப்படி எழுதுவது?

இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள் என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் மேசையில் அன்றைக்கு இன்னும் முப்பது விஷயங்கள் இருக்கும்.

ஆய்வுக் கட்டுரையில் பின்னணி, முறை, முடிவு என்று போவோம். குறிப்பில் அதைத் தலைகீழாக்க வேண்டும். தொடக்க காலத்தில் நான் எழுதிய ஒரு குறிப்பு "ஆய்வுக் காலத்தில் இளம் மீன்களின் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க சரிவுப் போக்கு காணப்பட்டது" என்று தொடங்கியது. அதைப் படித்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "சரி, வியாழக்கிழமைக்குள் நான் எதில் கையெழுத்துப் போட வேண்டும்?" அன்று இரவே மாற்றி எழுதினேன். "இப்போதைய அளவிலேயே பிடித்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பு ஆபத்துக் கோட்டைத் தொட பாதிக்கு மேல் வாய்ப்பு. இளம் மீன்கள் கூடும் இரண்டு மாதம் மட்டும் மூடினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். மூடுவதா வேண்டாமா என்பதை வியாழக்கிழமை தீர்மானிக்க வேண்டும்." இரண்டுக்கும் ஒரே தரவுதான்.

நிச்சயமின்மையை மறைக்காதீர்கள். அதே சமயம் அதைப் போர்வையாகவும் போர்த்திக்கொள்ளாதீர்கள். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது: "வாய்ப்பு உண்டு" என்று அவர்கள் எழுதினால் குறைந்தது 66 சதவீதம், "மிகவும் வாய்ப்பு உண்டு" என்றால் குறைந்தது 90 சதவீதம். உங்கள் குறிப்பிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்படி ஓர் எடை இருக்கட்டும். "இன்னும் ஆய்வு தேவை" என்று முடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எந்த ஆய்வு, எத்தனை மாதம், அது வந்தால் முடிவு மாறுமா என்று சொல்ல முடிந்தால் எழுதுங்கள்.

கருத்துச் சொன்னால் விஞ்ஞானி என்ற நம்பிக்கை போய்விடாதா?

எது தரவு, எது என் விருப்பம் என்று பிரித்துச் சொல்கிறவரை போகாது. இரண்டையும் கலந்து, விருப்பத்துக்கு அறிவியல் சட்டை போட்டுவிட்டால் ஒரே நாளில் போய்விடும், திரும்பவும் வராது.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுக் கடல் பூங்காவில் எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே கூடாது என்ற எல்லைகளை 2004இல் மாற்றியமைத்ததை இதற்கு நல்ல முன்மாதிரியாகச் சொல்வேன். விஞ்ஞானிகள் "இங்கே மூடு, அங்கே திற" என்று கோடு போட்டுத் தரவில்லை. பகுதியை 70 உயிரியல் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதமாவது மீன்பிடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கொடுத்தார்கள். அந்த விதிகளுக்குள் கோடு எங்கே விழுவது என்பதை மக்களோடு பேசி முடிவு செய்தார்கள்; 30,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. மீன்பிடிப்பு இல்லாத பரப்பு 5 சதவீதத்துக்கும் கீழிருந்து சுமார் 33 சதவீதமாக உயர்ந்தது. அறிவியல் தன் இடத்தில் உறுதியாக நின்றது, மக்களுக்கும் இடம் விட்டது.

மீனவர்களிடம் எப்படிப் பேசுவது?

முதலில் கேளுங்கள். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை எடுத்துப் போனால், அது என்ன ஆனது என்று திரும்பி வந்து சொல்லுங்கள். பலரும் இந்தத் திரும்பி வருதலைத்தான் செய்வதில்லை.

வேலை எங்கெல்லாம் இருக்கிறது?

அரசின் மீன்வளம், சுற்றுச்சூழல், வெளியுறவுத் துறைகள். வட்டார மீன்வள அமைப்புகள். ரோமில் உணவு வேளாண்மை அமைப்பு. லண்டனில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு. கிங்ஸ்டனில் ஆழ்கடல் கனிமங்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம். பாரிஸில் யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான பெருங்கடலியல் ஆணையம். இவை தவிர தன்னார்வ அமைப்புகள், கடல் காற்றாலைகளுக்குத் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவுகள்.

நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவு நாடுகள் கேட்டுக்கொண்டதன் பேரில், பசுமைக்குடில் வாயு உமிழ்வு கடல் மாசுக்குள் அடங்கும் என்று ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதற்கு முந்தைய விசாரணையில் விஞ்ஞானிகளும் நீதிபதிகள் முன் நின்று விளக்கினார்கள். பெரிய நாட்டுக் குழுவில் நாற்பதாவது ஆளாக உட்காருவதைவிட, சின்ன நாட்டுக் குழுவில் ஒரே அறிவியல் ஆளாக இருப்பது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும்.

நுழைய உதவும் பயிற்சிகள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் முதுகலை, முனைவர் மாணவர்களுக்கு 1979 முதல் நௌஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. ஓராண்டு வாஷிங்டனில் நாடாளுமன்ற அலுவலகத்திலோ அரசுத் துறையிலோ வேலை. வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்கு ஐ.நா.–நிப்பான் அறக்கட்டளை ஃபெலோஷிப். ஸ்வீடனின் மால்மோவில் 1983 முதல் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம். ஆழ்கடல் ஆய்வு ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்கள் வளரும் நாட்டவர்களுக்குப் பயிற்சி தந்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. கடற்படுகை ஆணையத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பலருக்கு இது தெரிவதே இல்லை.

ஆய்வுக் கட்டுரைகள் குறைந்துவிடுமே?

குறையும். ஆண்டுக்கு ஒன்றாவது சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினால் துறையோடு தொடர்பு அறாது.

இவ்வளவு மெதுவாக நகரும் வேலையில் சோர்வு வராதா?

வரும். கப்பல்கள் சாயாமல் நிற்க உள்ளே நிரப்பிக்கொள்ளும் பேலாஸ்ட் நீரில் அயல் உயிரினங்கள் பரவுவதைத் தடுக்கும் உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. 13 ஆண்டுகள், அதற்குள் எத்தனை துறைமுகங்களில் என்னென்ன குடியேறியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. மாறாக, வணிகத் திமிங்கில வேட்டைக்கான தடை 1982இல் முடிவாகி 1986இல் அமலுக்கு வந்தது. பிறகு பல கடல்களில் கூனல் திமிங்கிலங்கள் பெருகியதை எண்ணிப் பார்க்க முடிந்தது. நான் சோர்ந்துபோகிற நாள்களில் களத்துக்குத் திரும்பி இரண்டு நாள் தரவு சேகரிக்கப் போய்விடுவேன். கையில் உப்புத் தண்ணீர் படும் வேலை எனக்கு மருந்து.

இந்த வாரமே தொடங்கக்கூடிய ஒரு வேலை சொல்லுங்கள்.

கோபன்ஹேகனில் 1902 முதல் இயங்கும் சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம், பல மீன் இருப்புகளுக்கு ஆண்டுதோறும் தன் ஆலோசனையைப் பொதுவில் வைக்கிறது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்வள அமைச்சர்கள் கூடி ஒதுக்கீட்டை முடிவு செய்கிறார்கள். அதுவும் பொதுவில் கிடைக்கிறது. ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள். ஆலோசனையையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த எண் அப்படியே போனது, எந்த எண் மாறியது, மாறியதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறியுங்கள். அப்புறம் அந்த அமைச்சர்களுக்கு, கூட்டத்துக்கு முந்தைய நாள் நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய இரண்டு பக்கக் குறிப்பை எழுதி, கடல் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.